வந்து சொல்ல ஓர் ஆள்

கரடிக்கல் தோட்டம், மேற்பிரிவு,
அப்புத்தளை.
பெப்ரவரி 11

என் தம்பி மகள் மதுஷாவுக்கு அத்தை பாக்கியலெட்சுமி எழுதுவது.

இங்கே பனி இன்னும் விடவில்லை. முழங்காலைத் தவிர உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் சளி போய்விட்டதா?

பொங்கலுக்கு நீ வரவில்லை. போனில் கேட்டால் 'ம்' என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். 'ம்' என்று மட்டும் எழுதி முத்திரை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும்.

நீ வராததற்குக் காரணம் அந்த பெனர். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றே இளைஞர் மன்றத்துப் பையன்கள் உன் படத்தைப் போட்டு, 'எமது தோட்டத்தின் முதல் டொக்டர்' என்று கோயில் சந்தியில் கட்டிவிட்டார்கள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரட்டும் என்று சொன்னேன். "இந்த மாதிரி ரிசல்ட்டுக்கு டொக்டர்தான் அத்த, நீங்க சும்மா இருங்க" என்றான் ரமேஸ். வெட்டுப்புள்ளி வந்தபோது நீ மயிரிழையில் வெளியே நின்றாய். இப்போது அந்த பெனர் ரமேஸின் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை. உன் முகம் உள்பக்கம் இருக்கிறது. ஆடுகள் மட்டும்தான் பார்க்கின்றன. நீ பயப்படாமல் வரலாம்.

இரண்டு தடவை பரீட்சை எழுதிவிட்டாய். மூன்றாவது தடவை ஒன்று பாக்கி இருக்கிறது. எழுது. பாமசியில் மாத்திரை வெட்டிக் கொடுக்கவா இவ்வளவு படித்தாய்? உன் அப்பன் கொழும்புக் கடையில் நின்றுகொண்டு 'பிள்ளை இஷ்டம்' என்கிறான். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


பதுளை.
பெப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

சளி விட்டுவிட்டது. நான் தங்கியிருக்கும் வீட்டு றஷீதா ஆன்ட்டி கொத்தமல்லி அவித்துத் தந்தார். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். நான் வேலை செய்யும் மொஹிதீன் நானா பாமசியில் நன்றாகப் போகிற தைலம். பூசுங்கள், அலுமாரியில் வைக்காதீர்கள்.

மூன்றாவது தடவை எழுதத் தெம்பில்லை, அத்தை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது.

வேறொரு வழி இருக்கிறது. கொழும்பில் ஓர் அறக்கட்டளை வருடாவருடம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, மருத்துவம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. இரண்டாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நிஷாந்தினி அப்படித்தான் போனாள். 'நான் ஏன் வைத்தியராக விரும்புகிறேன்' என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். குடும்பத்தில் நடந்ததை எழுதினால் நல்லது என்கிறார்கள். வீட்டுக்கும் வந்து பார்ப்பார்களாம்.

கலா மதினியைப் பற்றி எழுதலாமா? அவவின் படம் ஒன்றும், நடந்தது உண்மை என்று உங்கள் கையெழுத்தும் வேண்டும். உங்கள் மகளைப் பற்றி உங்களைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. அதனால் கேட்கிறேன்.

நிஷாந்தினி என்ன சொன்னாள் தெரியுமா? "கண்ணீர் இல்லாட்டி எடுக்கமாட்டாங்கடி. நான் எங்க அப்பாவ குடிகாரன்னு எழுதினேன்." அவளுடைய அப்பா வெற்றிலைகூடப் போடாதவர்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
மதுஷா


கரடிக்கல்.
மார்ச் 9

மதுஷாவுக்கு,

நலம். தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் பூசுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: கூடாது.

காரணம் சொல்கிறேன். கலா செத்துப்போன வருடம், ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் காரில் வந்தார்கள். நல்ல மாதிரிப் பேசினார்கள். அவளுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு அப்போது நாலு பேர் சொன்னதைச் செய்கிற நிலைமை. உட்கார்ந்தேன். மறுவருடம் பண்டாரவளையில் சேலைக் கடை ஒன்றுக்குப் போனேன். சுவரில் அந்த நிறுவனத்தின் கலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதத்துக்கு என் அழுத முகம். கடைக்காரப் பையன் ஆளை அடையாளம் தெரியாமல், "என்ன கலர் பாக்குறீங்கம்மா?" என்று கேட்டான்.

கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. தமிழை நானாகவே படித்துக்கொண்டேன், சாமான் சுற்றி வருகிற பேப்பரைப் பார்த்து, நாற்பது வயதில். இங்கிலீஷ் எனக்கு வராது. என் முகத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மகள் யாருக்கும் சிபாரிசுக் கடிதம் ஆக மாட்டாள். உனக்கும் ஆக மாட்டாள். நீ கெட்டிக்காரி. உன் கெட்டித்தனத்தை எழுது.

படம் அனுப்பவில்லை. கையெழுத்தும் இல்லை.

கோபிக்காதே. கோபித்தாலும் சாப்பிடு.

அத்தை


பதுளை.
ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். வருடப்பிறப்புக்கு வர முடியவில்லை. நோன்புப் பெருநாளும் கிட்டவே வந்ததால் பாமசியில் ஆள் இல்லை. றஷீதா ஆன்ட்டி வட்டிலப்பம் செய்தார். உங்களுக்கு அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன், பஸ்ஸில் உடைந்து போகும் என்று நானே சாப்பிட்டேன்.

இங்கே நல்ல மழை. பசறைப் பாதையில் மண் சரிந்ததாகச் சொன்னார்கள். உங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் புதைந்துபோன மீரியபெத்தை லயங்களை நினைத்தால் மழை பெய்கிற அன்று தூக்கம் வருவதில்லை.

படிவத்தை உங்கள் கையெழுத்து இல்லாமலே அனுப்பிவிட்டேன். நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அப்பா போன் எடுத்தார். உங்களையும் கேட்டார்.

அன்புடன்,
மதுஷா


கரடிக்கல்.
ஜூன் 2

மதுஷாவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டுவிட்டேன்.

புதன்கிழமை உன் கொழும்புக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெரியவர், ஒரு மிஸ். தோட்டப் பாதையில் அவர்கள் வந்த வான் ஏறாமல் பாதித் தூரம் நடந்து வந்ததில் மிஸ்ஸின் சப்பாத்து பிய்ந்துவிட்டது. உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தேன்.

மிஸ் என் கையைப் பிடித்து, "அழாதீங்க அம்மா, மெதுவா சொல்லுங்க" என்றாள்.

"நான் அழுவலையே மிஸ். அடுப்பு ஈர வெறகு, பொக கண்ணுல ஏறுது."

பெரியவர் கடதாசியைப் பார்த்தார். "மகள் லொறியிலயே இறந்துட்டாங்க, இல்லையா?"

"யாரு சொன்னா?"

"உங்க மருமகள்தான் எழுதியிருக்காங்க. பாதையும் இல்ல, டொக்டரும் இல்ல, கொழுந்து லொறியில அவங்க மடியில உயிர் போச்சுன்னு."

மடியில்! ஒன்பது வயதுப் பிள்ளையின் மடியில் ஒரு நிறைமாதக்காரி! நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சாயங்காலம் ஆள் அனுப்பித்தான் உன்னைக் கூட்டிவந்தோம்.

"அவ எழுதினத அவகிட்டயே கேளுங்க ஐயா" என்றேன். "நான் எழுதுனா நான் பதில் சொல்லுவேன்." அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. படம் எடுக்கவும் விடவில்லை. பொய் என்று உன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, உண்மை என்று தலையாட்டவும் இல்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நீ எழுதியதில் எனக்கு எது பொறுக்கவில்லை என்று சொல்கிறேன். அந்த லொறி போய்ச் சேர்ந்தது. டிரைவர் சிங்கள ஆள். தேயிலைக் கொழுந்தைப் பாதையோரம் கொட்டிவிட்டு எங்களை ஏற்றினார். அதற்காகத் தோட்டத்துத் துரையிடம் பேச்சு வாங்கினார். முன்னால் வண்டி நிற்பதே தெரியாத பனியில், ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். கலா உயிரோடு, பேசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனாள். நீ இரண்டு பக்கத்தில் அந்த மனுசனை வழியிலேயே நிறுத்திவிட்டாய்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

அத்தை


பதுளை.
ஓகஸ்ட் 4

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இங்கே நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் கொழும்பில் நேர்முகம். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் சொன்ன பெரியவரும் இருந்தார். "உங்க அத்தை எங்களோட சரியாப் பேசல. ஏன்?" என்று கேட்டார். அத்தை வயசானவர், வெட்கப்படுவார் என்று சொல்லத்தான் தயாராகப் போனேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"நான் எழுதினது பொய் சேர். மதினி ஆஸ்பத்திரியில இறந்தா. நான் ஸ்கூல்ல இருந்தேன்."

ஓர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ நீங்க ஏன் டொக்டராக விரும்புறீங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, அத்தை. சின்ன வயதிலிருந்து எல்லோரும் அதைச் சொன்னார்கள், எனக்கும் பாடம் வந்தது. அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. தெரியவில்லை என்றே சொன்னேன். உண்மை பேசியதற்கு நன்றி என்று சொல்லி ஃபைலை மூடினார். நேற்றுக் கடிதம் வந்தது. எடுக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழவில்லை. பாதி வழி வரைக்கும் நின்றுகொண்டு வந்ததில் கால்தான் வலித்தது. மூன்றாவது தடவைக்கு விண்ணப்பித்துவிட்டேன், கடைசி நாளில்.

ஒன்று கேட்கிறேன். எங்கும் எழுதுவதற்காக இல்லை. லொறி போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடந்தது? வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

மன்னிப்புடன்,
மதுஷா


கரடிக்கல்.
ஓகஸ்ட் 19

என் மருமகளுக்கு,

நலம். ஆடி முழுக்கக் காற்று. கூரைத் தகரம் ஒன்று போய், ரமேஸ் ஆணி அடித்துக் கொடுத்தான்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

உள்ளே போனதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். டொக்டர் இல்லை என்று எழுதினாயே, மூன்று டொக்டர்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி கலாவை விடச் சின்னவளாக இருப்பாள். கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே சுவரோரம் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். பிள்ளை பெற்றதும் கொடுக்க வேண்டுமென்று சுக்கு, மிளகு போட்ட காயத் தண்ணீர் ஃபிளாஸ்கில் வைத்திருந்தேன்.

ஓர் ஆள் கடதாசி கொண்டுவந்தான். சிங்களத்தில் இருந்தது. என்ன என்று கேட்டேன். அவன் மைப்பெட்டியை நீட்டினான். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றேன். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. என் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான். படிக்கத் தெரிந்து பத்து வருடத்துக்குப் பிறகு நான் கைநாட்டு வைத்தேன்.

காலை போய் மத்தியானம் வந்தது. இரத்தம் கொண்டு ஓடினார்கள். சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வேறு யாரையோ பார்க்க வந்த ஒரு பொம்பளை, சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில், "அந்த எஸ்டேட் புள்ளையா? தாயும் புள்ளையும் போயிருச்சாமே" என்றாள். நான்தான் அந்த எஸ்டேட் புள்ளையின் தாய் என்று அவளுக்குத் தெரியாது.

அப்புறம் அந்தச் சின்ன டொக்டர் வெளியே வந்தாள். உடுப்பெல்லாம் இரத்தம். என் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். அவளிடம் தமிழ் இல்லை. என் முழங்கையைப் பிடித்தாள், அப்படியே நின்றாள், உள்ளே போய்விட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

எதனால் போனாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

படி. வேறு என்ன சொல்வேன்.

அத்தை


பதுளை.
ஒக்டோபர் 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள். பகலில் பாமசி, மற்ற நேரம் பாடம். உடம்பு சுகம்தான், கண் மட்டும் எரிகிறது.

போன வியாழக்கிழமை பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அங்கம்மா என்று பெயர். மருந்து எழுதிய துண்டோடு இன்னொரு கடதாசியையும் நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு புள்ள. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. நானும் மாசக்கணக்கா மடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

இங்கிலீஷில் இருந்தது. மார்பில் கட்டி, புற்றுநோய், உடனே கிளினிக்குக்கு வரவேண்டும் என்று இருந்தது. வாசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கிளினிக்குக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க அம்மா" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"ஆமாங்க."

மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அத்தை, அந்த டொக்டரிடம் தமிழ் இல்லை. என்னிடம் இருந்தது. உங்கள் கடிதம் என் பையிலேயே இருந்தது. அப்படியும் எனக்கு வாய் வரவில்லை.

நான் இதற்கு லாயக்கில்லை என்று நினைக்கிறேன். பரீட்சைக்குப் போக வேண்டுமா என்றும் யோசிக்கிறேன்.

மதுஷா


கரடிக்கல்.
ஒக்டோபர் 13

மதுஷாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. தபால் பை கீழே போகப்போகிறது.

சொல்லியிருக்க வேண்டும். உனக்குச் சமாதானம் சொல்வேன் என்று பார்க்காதே. அங்கம்மா எந்தத் தோட்டம் என்று தெரியும்தானே? ஞாயிற்றுக்கிழமை பஸ் இருக்கிறது. போய்ச் சொல். பரீட்சையை அப்புறம் பார்க்கலாம்.

அவள் இப்போது வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். நீதான் கதவுக்கு உள்ளே இருக்கிறாய்.

அத்தை


பதுளை.
ஜனவரி 5

அன்புள்ள அத்தைக்கு,

புது வருட வாழ்த்துகள். உங்கள் முழங்கால் எப்படி? அங்கே பனி கடுமையாக இருக்கும், கம்பளிச் சட்டையைப் போடுங்கள்.

பரீட்சை முடிந்துவிட்டது. அந்த மண்டபத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேள்வித்தாளில் இருந்ததை மட்டும் கேட்டார்கள். அது ஓய்வாக இருந்தது.

உங்கள் கடிதம் கிடைத்த ஞாயிறே போனேன். அங்கம்மா லயத்துக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. அப்படியே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"ஒன்னைய யாரு கூப்புட்டா? அன்னைக்கு ஒண்ணுமில்லன்ன, இன்னைக்குச் சாவுச் சேதி கொண்டாந்திருக்க!"

அவருடைய மருமகள் ஓடி வந்து, "யாருடி நீ, பில்லி சூனியக்காரி மாதிரி" என்று ஏசினாள். நாய் வேறு குரைத்தது. திரும்பி நடந்தேன். படிக்கட்டு இறங்குகிறபோது பின்னாலிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது.

"கிளினிக்கு எந்தக் கெழம?"

"செவ்வாய்ங்க அம்மா."

"நீ வருவியா?"

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் போகிறோம். டொக்டர்மார் சொல்வதை நான் அவருக்குச் சொல்கிறேன், அவர் கேட்பதை அவர்களிடம் சொல்கிறேன். கட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிந்தி வந்ததால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதையும் சொன்னேன். "சரி" என்றார். பிறகு, "பசிக்குது, ரொட்டி வாங்கித் தா" என்றார்.

மொஹிதீன் நானா செவ்வாய்க்கிழமைக்கு என்னை எதிர்பார்ப்பதில்லை. முணுமுணுப்பார், விடுவார்.

அன்புடன்,
மதுஷா


பதுளை.
ஒக்டோபர் 17

அன்புள்ள அத்தைக்கு,

இடையில் போனில்தான் பேசினோம். நீங்கள் நலம் என்று அப்பா சொன்னார்.

வெட்டுப்புள்ளி வந்துவிட்டது. மருத்துவ பீடம் கிடைத்திருக்கிறது. போனில் சொன்னால் லயம் முழுக்கக் கேட்கும், அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், தூக்கம்தான் வந்தது. மத்தியானம் படுத்து மறுநாள்தான் எழும்பினேன். றஷீதா ஆன்ட்டி பயந்து தட்டிப் பார்த்தாராம்.

அங்கம்மா ஓகஸ்டில் போய்விட்டார். உங்களிடம் சொல்லவில்லை. கடைசிச் செவ்வாய்க்கிழமை, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடித்தேன்.

இனி ஐந்து வருடம். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

உங்கள்,
மதுஷா


கரடிக்கல்.
ஒக்டோபர் 26

என் மருமகள் மதுஷாவுக்கு அத்தை எழுதுவது.

நான் சுகம். நீ தூங்கியது நல்லது. இன்னும் தூங்கு.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்கும் அலுப்புத்தான். உன் அப்பனுக்கு நானே சொல்லிவிட்டேன், போனில் அழுதான். அழட்டும்.

கலாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி மேல் என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே. நீ டொக்டராகப் போகிறாய் என்பதற்காக அது தணியாது. எனக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நீ படித்து முடித்து வெள்ளைக் கோட்டு போட்டதும், அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. கலாராணி என்ற பெயரில் பழைய கடதாசி ஏதாவது கிடக்கும். தர மாட்டோம் என்பார்கள். திரும்பவும் போ. தேடி எடுத்து வாசித்துப் பார். என் மகளுக்கு என்ன நடந்தது, எந்த நேரத்தில் நடந்தது, அவர்கள் என்ன செய்து பார்த்தார்கள், அவள் யாரையாவது கூப்பிட்டாளா, எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் சொல். இடையில் அழுதாலும் பரவாயில்லை, முழுக்கச் சொல்.

ஐந்து வருடம் என்கிறாய். சாக மாட்டேன். அந்த வாங்கிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீ வா.

அத்தை
பாக்கியலெட்சுமி